பச்சை விளக்குக்கு ஏற்ற முகம்

2023 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில், முகம் பார்த்து வருகை பதியும் கருவி பொருத்தப்பட்டது.

மேற்பார்வையாளர் வெள்ளத்துரைக்கு அதன் மேல் கொஞ்சம் இளக்காரம். இருபது வருஷமாக அந்த வேலையை அவர் வெறும் கண்ணாலேயே செய்துவந்தார். "மூஞ்சியப் பாத்தாப் போதும்லே, ஆளு உள்ள எப்படின்னு சொல்லிருவேன்" என்பார். கன்னம் ஒட்டியிருந்தால் சோம்பேறி, புருவம் கூடியிருந்தால் திருடன். வெயிலில் உப்பு மூட்டை ஏற்றுவது யார், நிழலில் நின்று எண்ணுவது யார் என்று பிரித்துவிடுவதும் இந்த சாஸ்திரப்படிதான். ஆவணப் பிரிவு கிளார்க் ஞானசௌந்தரியின் முகம் மட்டும் பிடிபடவில்லை. மேனேஜர் வந்தாலும் டீக்காரர் வந்தாலும் அதில் ஒரே தூக்கக் கலக்கம்தான். "மொகமா அது? சாத்துன கதவு" என்று முடித்துவிட்டார்.

அக்டோபரில் யார்டு இன்சார்ஜ் பதவி காலியாகிறது. போட்டியில் இருந்தது இவர்கள் இருவர்தான். கருவியில் விழும் வருகையைப் பார்த்தே முடிவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

முகங்களைப் பதியும்போது மேனேஜரும் கூடவே நின்றார். அவர் முன்னால் வெள்ளத்துரையின் கழுத்து வலப்பக்கம் சாயும், கண்கள் சுருங்கும், வாய் கடைவாய்ப் பல் வரை திறக்கும். வெயிலுக்குக் கண் கூசுவதுபோலத்தான், நினைத்துச் செய்வதில்லை. கருவி அதையே அவர் முகமாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை, லோடுமேன்களுக்கென்று வைத்திருக்கும் முகத்தோடு வெள்ளத்துரை வந்து நின்றார். சிவப்பு விளக்கு. 'முகம் பதிவில் இல்லை.' மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கருவியைத் துண்டால் துடைத்தார். சிவப்பு.

"ஏளா சௌந்தரி, நீ நின்னு பாரு."

ஞானசௌந்தரி நின்றார். பச்சை.

"அண்ணாச்சி, நேத்து மேனேஜருக்கு ஒரு மூஞ்சி காட்டுனியள்லா, அதக் காட்டுங்க" என்றார் வாட்ச்மேன் சுடலைக்கண்ணன்.

"ஏலே, வாய மூடு. மிஷினு கோளாறு..."

கப்பல் வேலையாக அன்று சீக்கிரமே வந்துவிட்ட மேனேஜரின் கார் உள்ளே திரும்பியது. வெள்ளத்துரையின் கழுத்து சாய்ந்தது. 'நன்றி, வெள்ளத்துரை' என்றது கருவி. வரிசையில் நின்ற பதினான்கு பேரும் பார்த்தார்கள்.

மற்ற நாட்களில் மேனேஜர் வருவது பத்து மணிக்கு. வருகை எட்டு மணிக்குள் பதிய வேண்டும். மேனேஜர் இல்லாத இடத்தில் அந்தச் சிரிப்பு லேசில் வரவில்லை. பல் வந்தால் கண் வராது. கண் வந்தால் கழுத்து நிமிர்ந்துவிடும். லோடுமேன்கள் டீ கிளாசோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் குனிங்க அண்ணாச்சி... ஆங், வருது, வருது!"

புருவம் கூடிய லோடுமேன் தங்கப்பாண்டி ஒருநாள் கேட்டேவிட்டார்: "மிஷினுக்கே இம்புட்டு சிரிக்கிய. எங்களுக்கு ஒண்ணு தந்தா கொறஞ்சா போயிருவிய?"

வெள்ளத்துரை மறுபதிவு கேட்டு மனு எழுதினார். மறுபதிவுக்கு மேனேஜரின் கைரேகை வேண்டும். மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார்.

"நார்மலா நில்லுங்க வெள்ளத்துரை."

"நார்மலாத்தான் சார் நிக்கேன்." கழுத்து சாய்ந்திருந்தது.

மூன்று முறை எடுத்தார்கள். கருவி பொருத்த வந்த பொறியாளர் மூன்று படங்களையும் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தார். "நாலும் ஒண்ணுதான் சார். உங்க மொகமே இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் அறிக்கையில் வெள்ளத்துரைக்குப் பதினொரு நாள் வருகை இல்லை. ஞானசௌந்தரிக்கு ஒரு நாளும் விடுபடவில்லை. அக்டோபர் 3-ஆம் தேதி அவர் யார்டு இன்சார்ஜ் ஆனார்.

புது இன்சார்ஜ் தினமும் காலை ஏழே முக்காலுக்கு, அதே தூக்கக் கலக்கத்தோடு, கருவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"குட் மார்னிங், மேடம்" என்பார் வெள்ளத்துரை, கழுத்து சாய.

அன்றுமுதல் அந்த மாதம் முழுக்க அவருக்கு முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.