பதினேழாம் இலக்க நிகழ்ச்சி

1.
இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதத்திலிருந்து வந்தது. கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை. புளியந்தீவில் ஒரு கல்லூரி (பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் தேநீர் தருகிறார்கள்) ஆண்டுக்கு நான்கு தடவை பெயர்பெற்ற கலைஞர் ஒருவரை அழைத்து மாணவர்முன் நிகழ்ச்சி வைக்கிறது. அழைப்பு, நிகழ்ச்சி நிரல், நன்றிக் கடிதம் எல்லாம் எழுதுபவர் அலுவலக எழுதுவினைஞர் கேதீஸ்வரி.

தொடக்கம்: 'வாவியில் காலை வெயில் தகடாய்க் கிடந்தபோது...'
வேண்டாம். அன்று யாரும் வாவியைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைத்தான் பார்த்தார்கள்.

2.
கொழும்பில் இருக்கும் வயலின் கலைஞர் இரத்தினம்மா இரண்டு தடவை வரமுடியாது என்று எழுதியவர். மூன்றாம் தடவை கேதீஸ்வரி வழமையான கடிதத்தில் தன் வசனம் ஒன்றைச் சேர்த்தார்: 'எங்கள் மாணவர்களில் பலர் வயலினைக் கைபேசியில் மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.'

ஒரே வரியில் பதில் வந்தது. வருகிறேன்.

3.
நிரல் எழுதும்போது கேதீஸ்வரி ஊர் வழக்கத்தை மீறவில்லை. ஆள் பெரிதாகப் பெரிதாக இலக்கமும் பின்னுக்குப் போகும். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரைகள், வாழ்த்துரைகள் எல்லாம் போக, வயலின் பதினேழாவது.

தட்டச்சு செய்த றுமானா சிரித்தார்.

"என்னகா இது? மாப்பிள்ளையப் பசியில வெச்சிட்டுத் தோழன்மாருக்கெல்லாம் சோறு போடுறீங்க?"

"பெரிய ஆள் கடைசியிலதான் றுமானா. முன்னுக்குப் போட்டா மரியாதை இல்ல."

"கடைசியில போட்டா நேரம் இல்லகா."

[றுமானா இவ்வளவு கூர்மையாகப் பேசியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். எல்லாம் முடிந்தபின் நான் அவர் வாயில் வைத்ததாகவும் இருக்கலாம்.]

4.
ஒன்பதரைக்குத் தொடங்கிய விழாவில் பதினேழாம் இலக்கத்தை அழைத்தபோது பன்னிரண்டு இருபது. இரத்தினம்மா ஒரு மணி பஸ்ஸுக்கு இருக்கை பதிந்திருந்தார். உட்கார்ந்து, தோளில் வழுக்கிய பொன்னாடையை எடுத்து வைத்துவிட்டு, சுருதி சேர்த்தார். பிறகு ஏழு நிமிடம் வாசித்தார்.

அந்த ஏழு நிமிடத்தை எழுத முயன்றேன். 'வில் தந்தியில் பட்டதும் மண்டபம்...' இல்லை. 'பின்வரிசைப் பிள்ளைகள்கூட...' இல்லை. ஏழு நிமிடத்தில் என்ன எழுதுவது?

பஸ் நிலையத்துக்குப் போகும் காரடியில் கேதீஸ்வரி கைகட்டி நின்றார்.

"கைபேசி எண்டு ஒரு வசனம். நீங்க எழுதினதா, பிள்ளை?"

"ஓம், அம்மா."

"அதுக்காகத்தான் வந்தன். பிள்ளையள் சுருதி சேக்கிறதை மட்டும் வடிவாக் கேட்டினம்."

கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகத்தான் சொன்னார். கார்க்கதவு மூடிக்கொண்டது.

5.
கல்லூரி அதிபர் வினாயகமூர்த்தி மறுநாள் சொன்னார்: "நன்றிக் கடிதத்தில இரண்டு மணிநேர இசை விருந்து எண்டு போடுங்க. அறிக்கையிலயும் அதான் போகுது."

"ஏழு நிமிசம், சேர்."

"ஆரு மணிக்கூடு பார்த்த?"

"அவ பார்த்தவ, சேர்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "சொன்னத எழுதுங்க புள்ள."

அதிபர் சொன்னதைக் கேதீஸ்வரி எழுதினார். பிறகு இன்னொரு கடிதமும் எழுதினார்: 'உங்களைப் பதினேழாவதாகப் போட்டது நான். மரியாதை என்று நினைத்தேன். எங்கள் மாணவர்கள் இன்னும் வயலின் கேட்கவில்லை. மறுபடி வாருங்கள், விளக்கேற்றியதும் நீங்கள்தான்.'

அதிபர் கோப்பிலுள்ளதை வாசித்துக் கையெழுத்திடுபவர் அல்லர். இரண்டும் கையெழுத்தாகி வந்தன.

6.
முடிவு அ: முதற்கடிதம் போகிறது. இரத்தினம்மா இந்தப் பக்கம் இனி வரமாட்டார்.

முடிவு ஆ: இரண்டாவது போகிறது. இரத்தினம்மா அதிபருக்கு நன்றி சொல்லத் தொலைபேசி எடுப்பார். கேதீஸ்வரிக்கு ஏதோ ஒரு தூரப் பாடசாலைக்கு இடமாற்றம் வரும்.

முடிவு இ: இரண்டும் ஒரே உறையில். இல்லை. ஒரு கடித இலக்கத்தில் இரண்டு கடிதம் அனுப்பும் ஆள் அல்ல கேதீஸ்வரி.

7.
இதையெல்லாம் நான் எப்படி அறிந்தேன்? விழா மலருக்கு என் உரையின் பிரதியைக் கொடுக்க அலுவலகம் போனேன். மேசையில் இரண்டு கடிதங்களும் கிடந்தன. நிரலில் ஒன்பதாம் இலக்கம், வாழ்த்துரை, நான்தான். தந்த நேரம் ஐந்து நிமிடம். கலையின் அருமை பற்றி இருபத்துமூன்று நிமிடம் பேசினேன். இடையில் கேதீஸ்வரி ஒரு காகிதத் துண்டு அனுப்பினார். பாராட்டென்று எண்ணி வாசிக்காமலே பையில் வைத்தேன். இன்றைக்குத்தான் விரித்தேன்: 'சேர், வயலின் காத்திருக்கு.'

என் பிரதியைக் கேதீஸ்வரி இரண்டு கையாலும் வாங்கி, "நல்ல பேச்சு, சேர்" என்றார்.

தபாற்காரர் மூன்று மணிக்கு வருவார். இப்போது இரண்டு ஐம்பது. முகவரி எழுதிய உறை ஒன்று வாய் திறந்தபடி கிடக்கிறது. இந்த இடத்தில் சொல்ல என்னிடம் இன்னும் நிறைய வசனம் இருக்கிறது. அதனால்தான் எழுந்து போகிறேன். மீதிப் பத்து நிமிடமும் உங்களுக்கு.