கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேல்விழி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது கேட் திறந்திருந்தது. பதினொரு மணிக்குத் திரும்பிப் பார்த்தபோது பூட்டியிருந்தது. பூட்டியவர் மேல் குற்றமில்லை. அவள் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் கழிப்பறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தாள்.

ஏன் ஒளிந்தாள் என்று தெரிய, அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்குப் போக வேண்டும்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் வேல்விழிக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்துச் சரிசெய்வாள். மகள் கனிமொழி படிக்கிற பள்ளிக்கு மேலாண்மைக் குழுத் தலைவியும் அவள்தான். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் பெற்றோர்களே சேர்ந்து மைதானத்தைச் சீர்செய்வதென்று தலைமையாசிரியை கமலம் டீச்சர் முன்னிலையில் முடிவாகியிருந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கை கழுவும் குழாய்க்குப் புது மேடை கட்டினார்கள். ராத்திரியில் குடிக்க வருகிறவர்கள் ஏறிக் குதிக்காமலிருக்க மதில்மேல் உடைந்த பீங்கான் ஓடுகளைப் பதித்தார்கள். மழை பெய்தால் குளமாகிவிடும் பெரிய பள்ளம் ஒன்றுதான் மிச்சம்.

"பள்ளத்துக்கு மண்ணு எங்க கம்பெனியில கேட்டுப் பாக்கறேன்" என்று வேல்விழி சொன்னாள். முதலாளி நல்ல மனிதர். எத்தனை லோடு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கம்பெனிக்குப் பின்னால் இரண்டு குவியல்கள் உண்டு. ஒன்று சூளைக்குப் போகாத பச்சை மண் கழிவு. தண்ணீர் பட்டால் கரைந்து படிந்துவிடும், பள்ளத்துக்கு ஏற்றது. மற்றொன்று சூளையில் வெந்து வீணான உடைசல். அதைத்தான் ஒரு சாக்கு எடுத்து மதிலில் பதித்திருந்தார்கள். கோடைப் புழுதி படிந்து இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தன. டிராக்டர்காரர் திருமால் வந்து, "எத அள்ளறது?" என்று கேட்டபோது வேல்விழி தட்டில் இருந்த முப்பது பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் ஈரம் காய்ந்துவிடும். உட்கார்ந்தபடியே, "அந்த வெள்ளக் குமிதான், பின்னால" என்று கையைக் காட்டினாள்.

டீ நேரத்தில் வெளியே வந்தவள், உடைசல் குவியல் பாதியாகியிருப்பதைப் பார்த்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் வந்தது. "தலைவி சொன்னா சொன்னபடி செய்றாங்கப்பா" என்று டீச்சர் சொல்ல, பின்னால் பெண்கள் கைதட்டுவது கேட்டது. வேல்விழியின் வாழ்க்கையில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. மேலே அரையடி கிராவல் மண்தான் கொட்டப்போகிறார்களே, என்ன ஆகிவிடும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மனசு அப்படிச் சமாதானமாகிற பொருள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மழை அடித்து ஊற்றியது. ஞாயிறு காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் பொறுக்கிவிடலாம் என்று வந்தாள். கிராவல் அங்கங்கே கரைந்து இறங்கியிருந்தது. வெயிலில் நான்கைந்து இடத்தில் மின்னியது.

முதல் துண்டை எடுத்தாள். அடியில் இன்னொன்று இருந்தது. அதை எடுத்தால் அதற்கடியில் மூன்று. பியூஸ் கேரியர் பாதி, கோப்பையின் விளிம்பு, மெருகேறிய யானைப் பொம்மையின் தும்பிக்கை. கத்தி மாதிரி ஒரு தட்டின் ஓரம் அவள் ஆள்காட்டி விரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. சாமிதுரையின் மொபட்.

சாமிதுரை கொத்தனார். அவர் மகளும் இங்கேதான் படிக்கிறாள். குழுத் தலைவி பதவிக்கு அவர் மனைவி ஆராயியும் நின்று நான்கு ஓட்டில் தோற்றிருந்தாள். அன்றிலிருந்து வேல்விழியை அவர் "தலைவரம்மா" என்று கூப்பிடுகிற தொனியே வேறு. கேட் சாவி அவரிடம் இருந்தது. புது மேடைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார், அவ்வளவுதான். பையும் கையுமாக அவர் கண்ணில் பட்டால் போதும், செராமிக் பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும். வேல்விழி ஓடிப்போய்க் கழிப்பறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அவர் மறுபடி மேடையை நனைத்தார், எதையோ முணுமுணுத்தார், வெளியே போனார். சங்கிலி கலகலத்தது. பூட்டு விழுந்தது.

கேட் ஆளுயரத்துக்கு மேல், நெருக்கமாகக் கூர்க் கம்பி. மதில் மேல் அவள் கொண்டுவந்த ஓடுகள். சாமிதுரை கைவேலை சுத்தம். ஒரு விரல் வைக்க இடமில்லாமல் நெருக்கி நட்டிருந்தார். வெளியார் உள்ளே வராமலிருக்க வைத்தது, உள்ளே இருந்தவளையும் விடவில்லை.

போன் இருந்தது. யாரைக் கூப்பிட்டாலும் வருவார்கள். வந்து, "லீவு நாள்ல இங்க என்னா பண்ற?" என்பார்கள்.

வெயில் ஏறியது. சத்தம் கேட்காமல் பொறுக்கினாள். பை நிரம்பியது. சேலை முந்தானையிலும் கட்டினாள். கிளறிய இடமெல்லாம் புதிதாக மின்னியது. இரண்டு டிராக்டர் லோடை ஒரு பெண் ஒரு பையில் அள்ளிவிட முடியுமா? குழந்தைகள் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்டர்வெல் மணி அடித்ததும் வெறுங்காலோடு ஓடிவருவார்கள். நூற்று நாற்பது குழந்தைகள்.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கனிமொழி.

"அம்மா, எங்கம்மா இருக்கற? பசிக்குது."

"ஸ்கூல்ல இருக்கறன் கண்ணு. பக்கத்து வூட்டு அத்தைகிட்டயே வாங்கிச் சாப்புடு."

"ஸ்கூல்லயா? நானும் வரட்டா? புது கிரவுண்டுல ஒரே ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்துடறேன்."

"வராத!" அவள் குரல் அவளுக்கே பயமாக இருந்தது. "வராத கண்ணு. ஈரமா இருக்குது. நாளைக்கு."

நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

கொளஞ்சியப்பர் நினைவுக்கு வந்தார். மணவாளநல்லூரில் இருக்கிற முருகன். அந்தப் பக்கத்து ஜனங்கள் மனிதரிடம் தீராத வழக்கை அவரிடம் பிராதாக எழுதிக் கொடுப்பார்கள். அர்ச்சகர் சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து தருவார். அதைப் பொட்டலமாக்கி முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் தீர்ந்தால் ராஜினாமா என்று இன்னொரு தாள் எழுதி வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். வேல்விழியின் கொலுசு தொலைந்தபோது அவள் அம்மா கட்டிய பிராதில் கொலுசு மூன்றாம் வாரம் கிடைத்தது. அதனால் எழுதும் முறை அவளுக்குத் தெரியும்.

வேலைக்கு வந்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு பையின் பக்க அறையில் இருந்தது. ஒரு தாளைக் கிழித்தாள். வெளியே போனதும் நேராக மணவாளநல்லூர் பஸ் ஏறிவிட வேண்டும். பாரத்தைச் சாமி தலையில் வைத்துவிட்டால் தூங்கலாம்.

'அப்பா கொளஞ்சியப்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருத்தர் காலிலும் ஓடு குத்தாமல் நீதான் காக்க வேண்டும்' என்று எழுதினாள். பிராது என்றால் யார் மேல் என்று எழுத வேண்டும். 'டிராக்டர்' என்று தொடங்கி அடித்தாள். திருமால், அவள் காட்டிய குவியலை அள்ளியவர், அவ்வளவுதான். 'கம்பெனி' என்று எழுதி அதையும் அடித்தாள். கேட்டதும் மனசாரக் கொடுத்தவர் முதலாளி. பேனா நின்றுவிட்டது. மனிதரிடம் சொல்லும்போது எதையும் விட்டுவிட்டுச் சொல்லலாம். சாமிக்கு எழுதும் தாளில் கை பொய் எழுத வராது. கடைசியில் 'பிரதிவாதி: வேல்விழி' என்று எழுதினாள். கையைக் காட்டியதும், டீ நேரத்தில் பார்த்ததும், கைதட்டலுக்காக வாயை மூடியதும், வரிசையாக வந்து விழுந்தன.

எழுதியதைப் படித்தபோது கொளஞ்சியப்பர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை தூரம் என்னிடம் எதற்கு வருகிறாய், சாவி வைத்திருக்கிறவனிடம் சொல்லேன் என்றுதான் கேட்பார்.

போனில் எட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது.

"அண்ணே, நான் வேல்விழி."

"சொல்லுங்க தலைவரம்மா."

"ஸ்கூலுக்குள்ள மாட்டிக்கிட்டேங்கண்ணே. கேட்டத் தொறந்து வுடணும்."

"உள்ளயா? நான் அப்பவே பூட்டிட்டு வந்தேனே. எங்க இருந்தீங்க?"

"கக்கூஸுக்குப் பின்னால."

"அங்க என்னா, கமிட்டி மீட்டிங்கா?"

அவள் சிரிக்கவில்லை. "வாங்கண்ணே, சொல்றேன்."

கால் மணி நேரத்தில் வந்தார். கேட்டைத் திறந்தார். பையைப் பார்த்தார், அவள் முந்தானையைப் பார்த்தார், கீறிய விரலைப் பார்த்தார். தாளை நீட்டினாள். சாமிதுரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். வெயிலில் நின்றபடியே உதடு அசைய அசைய முழுவதும் படித்தார்.

"வாதியும் நீ, பிரதிவாதியும் நீ. ரெண்டு பக்கமும் நீயே நின்னா சாமி யாருக்குத் தீர்ப்பு சொல்லும்?"

இனி கேலி தொடங்கும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேனாவக் குடு" என்றார்.

மதிலில் தாளை வைத்து, அவள் பெயருக்குக் கீழே மெதுவாக எழுதினார். 'சாமிதுரை, கொத்தனார்.'

"என்னாண்ணே இது?"

"வியாழக்கெழம மம்புட்டி போட்டவன் யாரு? நாந்தான? போடறப்ப கணீர் கணீர்னு சத்தம். முப்பது வருசமா கொத்து வேல பாக்கறவனுக்கு ஓட்டுச் சத்தம் தெரியாதா?" அவர் அவளைப் பார்க்காமல் குழாய் மேடையைப் பார்த்துப் பேசினார். "தெரிஞ்சுதாம்மா கிராவலப் போட்டு மூடுனேன். ஸ்கூல் தொறந்து ரெண்டு நாள்ல எவன் கால்லயாவது ஏறும், அப்ப தலைவரம்மாவ நிக்க வச்சி நாலு கேள்வி கேக்கலாம்னு இருந்தேன். எம் பொண்ணும் அதே மண்ணுலதான் ஓடும். அது தோணல பாரு. நேத்து மழையிலதான் தோணிச்சி. மண்ணப் பாக்கத்தான், காலயிலேருந்து மூணு தடவ வந்து தண்ணி ஊத்திட்டேன். மழையில நனஞ்ச மேடைக்கு அவ்ளோ தண்ணி எதுக்கு?"

வேல்விழிக்கு அழுகை வந்தது. தன்னைக் கவிழ்க்கக் காத்திருந்தவர் மேல் கோபம் வர வேண்டும். அதற்குப் பதில், ஐந்து நாளாகத் தனியாக அடைபட்டிருந்த அறையில் இன்னொருவரும் இருந்திருக்கிறார் என்ற ஆறுதல்தான் வந்தது. சாமிதுரை தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து, "மொதல்ல வெரலக் கட்டு" என்று நீட்டினார். அந்தக் கந்தல் துணிக்குள் கொளஞ்சியப்பரின் கை இருந்ததென்று அவள் இன்றைக்கும் சொல்வாள். இருந்திருக்கும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததையெல்லாம் அவள் பேசி அனுப்பினாள். அவள் முடித்ததும் போனை வாங்கி, "நானும்தாங்க கூட்டு, சாமிதுரை பேசறேன்" என்று அவரும் சேர்த்துச் சொன்னார். அதோடு சார்ஜ் தீர்ந்தது.

இரண்டு மணிக்கு ஜனம் வந்தது. திட்டிக்கொண்டேதான் வந்தார்கள்.

"கறிக் கொழம்ப அடுப்புல வச்சிட்டு வந்திருக்கறேன், தீஞ்சா நீதான் வாங்கித் தரணும்" என்றாள் ஒருத்தி.

"கை தட்டுனமே, அதத் திருப்பிக் குடு" என்றாள் இன்னொருத்தி.

ஆராயி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அது போதுமாயிருந்தது. செராமிக் வேலைக்காரர்கள் களிமண் சலிக்கிற பெரிய சல்லடைகளோடு வந்தார்கள். வெட்டி, அள்ளி, சலித்துக் கொட்டினார்கள். இருட்டுவதற்குள் கால் பங்குதான் முடிந்தது. கமலம் டீச்சர் வந்து மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். பிறகு, "மிச்ச எடத்தச் சுத்திக் கயிறு கட்டுங்க. நாளைக்கு ஒரு பிள்ளையும் செருப்பக் கழட்டக் கூடாது. வகுப்புக்குள்ளயும் செருப்போட உக்காரட்டும்" என்றார். வேல்விழியிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. அது அவளை வெகுவாகச் சுட்டது.

கிளம்பும்போது சாமிதுரை தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இத இப்ப கட்டாத. கட்டுனா அப்பறம் ராஜினாமாவுக்கு வேற போவணும். வேலைய முடிச்சிட்டு ரெண்டையும் ஒண்ணாக் குடுத்துட்டு வந்துடலாம்."

"சாமி ஒத்துக்குமா அண்ணே?"

"ரெண்டு பிரதிவாதியும் நேர்ல போறமில்ல. கேப்போம்."

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. வேல்விழி அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கயிற்றுக்குள் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாள். கனிமொழி செருப்போடு கயிற்றோரம் வந்து நின்றாள்.

"யாரும்மா இங்க ஓடு போட்டது?"

"நாந்தான் கண்ணு."

"ஏன்?"

"பாக்காமப் போட்டுட்டேன். பாத்ததுக்கு அப்பறம் சொல்லாம இருந்துட்டேன்."

கனிமொழி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மணி அடித்தது. வரிசைக்கு ஓடினாள். வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பி வேல்விழியைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. அது இன்னும் பல நாள் இருக்கும். இருக்கட்டும் என்று அவள் சல்லடையை ஆட்டினாள்.

எதிர்ப்பக்கம் சாமிதுரை மம்புட்டியைப் போட்டார். மண்ணுக்குள் கணீரென்றது. இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேரும் குனிந்தார்கள்.