பன்னிரண்டாம் ரூமுக்கு வந்த கேமரா

போன வருடம் பட்டாசு கம்பெனி கொடுத்த காலண்டரை சிவகாசி பக்கத்து விஸ்வநத்தத்தில் ஒரு வீட்டுக்காரரும் தூக்கியெறியவில்லை. தேதி பார்க்க வேண்டுமே. ஆனால் மேலே இருந்த படத்தின் மீது இருக்கன்குடி மாரியம்மனை ஒட்டிவிட்டார்கள்.

படத்தில் சென்னையிலிருந்து வந்த மாடல் ஒருத்தி, பட்டுச்சேலையும் கை நிறைய வளையலுமாக உட்கார்ந்து பட்டாசுக்குத் திரி சொருகிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாக அதே வேலையைச் செய்கிற பேச்சியம்மாள் அதை ஒரு தடவைதான் பார்த்தாள்.

“இந்தக் கோலத்துல இவ வந்திருந்தா, போர்மேன் கேட்லயே திருப்பி அனுப்பிருப்பாரு” என்றாள்.

பட்டும் வளையலும் உரசினால் பொறி வரும் என்று மருந்துப் பக்கம் விடவே மாட்டார்கள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாரிசெல்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பேச்சியம்மாள் அவளுடைய அண்ணன் மனைவி. அந்தக் காலண்டருக்குச் சிவகாசி அச்சகத்தில் பிளேட் போட்டவளோ, அதாவது படத்தை அச்சுத் தகட்டில் ஏற்றியவளோ, மாரிசெல்வி. தன் கையால் போட்ட பிளேட்டுக்குத் தன் மதினியே முகத்தைச் சுளித்தது அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த காலண்டரில் உங்கள் முகம்தான் என்று எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டாள்.

வாயை விட்டது சுலபம். அச்சக மேனேஜர் சுந்தர்ராஜ் கம்பெனியில் பேசிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல படம் வந்தால் சரி, இல்லாவிட்டால் சனிக்கிழமை சென்னைக்காரர்களே வந்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதைவிடப் பெரிய மலை போர்மேன் சங்கிலிமுத்து. போன், பேட்டரி, பிளாஷ் எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது. போன வருடம் சென்னைக்காரரின் கேமராவையும் அவர் கேட்டிலேயே தடுத்துவிட்டார். அதனால்தான் அந்த மாடல் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வேண்டியதாயிற்று. சங்கிலிமுத்துவைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு பொறி என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர்.

மாரிசெல்விக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. மூடிய ஸ்டுடியோக்களிலிருந்து பழைய பிலிம் கேமராக்களை வாங்கிச் சரிசெய்வாள். பெங்களூர்ப் பிள்ளைகள் அவற்றைப் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அன்று அவள் அலமாரியைத் திறந்து மூன்றைக் கீழே எடுத்து வைத்தாள்.

எண்பதுகளில் வந்தது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும், பட்டனை அமுக்கினால் போதும். எழுபதுகளில் வந்ததில், உள்ளே எவ்வளவு வெளிச்சம் விடுவது என்று நாம் சொல்ல வேண்டும்; திறந்து மூடும் வேகத்தை அதுவே முடிவுசெய்யும். இரண்டுக்கும் பேட்டரி வேண்டும். கேமராவுக்குப் புத்தி கூடக்கூடப் பேட்டரிப் பசியும் கூடிவிட்டது.

மூன்றாவது அறுபதுகளில் வந்த ஜெர்மன் கேமரா. அதன் நெற்றியில் தேனடை மாதிரி ஒரு கண்ணாடிப் பட்டை. வெயில் அதில் பட்டால் அதுவே துளி மின்சாரம் உண்டாக்கி உள்ளே ஒரு முள்ளை நகர்த்தும். வேகத்தை நாம் வைத்தால், முள் நின்ற இடத்தைப் பார்த்து லென்ஸ் தானே திறந்துகொள்ளும். பேட்டரி என்ற பேச்சே இல்லை. அந்தப் பட்டை செத்துப்போய், இந்த வகையில் பெரும்பாலானவை இன்று குருடு. இதே வகையில் மூன்று வாங்கி, ஒன்றுக்குத்தான் கண் தெரிகிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

சங்கிலிமுத்து அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். காதருகே வைத்துப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தார். ஆபீஸில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“வாசப்படிக்கு வெளியத்தான் நிக்கணும். பத்து நிமிசம், அம்புட்டுத்தான்.”

வெள்ளிக்கிழமை காலை, பருத்திச் சேலையும் வெறுங்காலுமாக மாரிசெல்வி பன்னிரண்டாம் ரூம் வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே பேச்சியம்மாளும் மூன்று பெண்களும் திரி சொருகிக்கொண்டிருந்தார்கள். பல்பு கிடையாது, கதவு வழியே வருவதுதான் வெளிச்சம். கேமராவைக் கண்ணில் வைத்தாள். முள் சிவப்புக் கோட்டுக்குள் படுத்துக் கிடந்தது. பட்டன் அமுங்கவில்லை. வெளிச்சம் போதாதென்றால் இந்தக் கேமரா படமே எடுக்காது, அவ்வளவு பிடிவாதம். வேகத்தைக் குறைத்தாள். முள் அசையவில்லை. அதற்கும் கீழே போனால், மதினியின் கை ஓடுகிற ஓட்டத்துக்குப் படத்தில் விரலே தெரியாது. நான்கு நிமிடம் போய்விட்டது.

“என்ன செல்வி, கண்ணு தெரியலையா அதுக்கு?” என்றாள் பேச்சியம்மாள், தலையைத் தூக்காமலே.

வெளிச்சம் பத்தவில்லை என்றாள் மாரிசெல்வி. பேச்சியம்மாள் அதற்கும் தலையைத் தூக்கவில்லை.

“பேக்கிங்ல ஒங்க அச்சாபீஸ் அட்டை அடுக்கிக் கெடக்குல்லா. பின்பக்கம் பூரா வெள்ளதான?”

மாரிசெல்விக்குச் சுரீரென்றது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த அடுக்கு. போன மாதம் கலர் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் விலகிப்போய், அதற்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே ஆயிரம் அட்டை. விரிப்புக்கு ஆகட்டும் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள்.

அவள் குரல் கொடுத்ததும் பேக்கிங் பெண்கள் ஏழு பேர் ஆளுக்கொரு பெரிய அட்டையோடு ஓடி வந்தார்கள். எட்டாவதாக ஒருத்தி சில்வர் பேப்பரைத் தூக்கி வர, சூடு ஏறும் என்று சங்கிலிமுத்து அதைத் திருப்பி அனுப்பினார். ஏழு பேரும் வெயிலில் வரிசையாக நின்று வெள்ளைப் பக்கத்தை வாசலைப் பார்த்துச் சாய்த்தார்கள். சங்கிலிமுத்து உள்ளே போய், வெளிச்சம் விழுந்த இடத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். சூடில்லை. வெளியே வந்து, எட்டாவது அட்டையை அவரே தூக்கிப் பிடித்தார்.

முள் எழுந்தது. சிவப்பைத் தாண்டி மெல்ல மேலே வந்து நின்றது.

மாரிசெல்வி அமுக்கினாள். பட்டன் அமுங்கியது. பன்னிரண்டு தடவை அமுக்கினாள். ஒவ்வொரு ‘டக்’குக்கும் அவளுக்கு நெஞ்சு பூரித்தது. கடைசிப் படத்தின்போதுதான் பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதும் கை நிற்கவில்லை.

அன்று மாலையே வீட்டுக் குளியலறையில் பிலிமைக் கழுவி, அச்சகத்தில் ஸ்கேன் செய்தாள். சுந்தர்ராஜ் திரையில் படத்தைப் பார்த்தார். உடனே போனை எடுத்துச் சென்னைக்காரர்களை வரவேண்டாம் என்று சொன்னார். பிளேட்டை மாரிசெல்வி தானே போட்டாள். இந்தத் தடவை கலர் இம்மி விலகவில்லை.

மார்கழியில் காலண்டர் வந்தது. வளையல் இல்லாத நான்கு ஜோடிக் கைகள், எங்கிருந்து வந்ததென்று தெரியாத வெள்ளை வெளிச்சம், நிமிர்ந்து பார்க்கிற பேச்சியம்மாள். விஸ்வநத்தத்தில் வீட்டுக்கு வீடு அதுதான் தொங்கியது. மாரிசெல்வி அண்ணன் வீட்டுக்குப் போனபோது மாரியம்மன் படம் பக்கத்திலேயே தனி ஆணியில், புதுப் பொட்டோடு இருந்தது. ஆத்தாவுக்கு இடம் மாற்றிவிட்டீர்களா என்று மதினியைக் கேட்டாள்.

“பின்ன? ஒரு வருசமா அந்தச் சென்னைப் பிள்ளைய மறைச்சுக்கிட்டு நின்னாள்ல, கால் வலிச்சிருக்கும்” என்றாள் பேச்சியம்மாள். “இந்த வருசம் அவ சும்மா உக்காந்து எங்களப் பாக்கட்டும்.”