சைபர் இருபதா, இருபது ஐம்பதா

1

இந்தக் கதை நெல்லியடியில் ஒரு கராஜ் வாசலில் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஸ்கூட்டருக்கு பிரேக் பிடிக்கவில்லை. முறை வரும்வரை வாசலில் குந்தியிருந்தேன். பக்கத்துப் பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு பெண். பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள்போல ஐந்து லீற்றர் ஒயில் கான் ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தாள். கானில் பனி மூடிய மலைப்படம். அவள் என்னைப் பார்த்து, ஏதோ நெடுநாள் பழகியவள்போல, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ரீச்சர், இதை அண்ணைக்கு எப்பிடிச் சொல்லுறது?"

நான் சிரித்துச் சமாளித்தேன், மிச்சத்தை அவள் கராஜ்காரனோடும் போனிலும் கதைத்ததில் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தைப்பொங்கலுக்குத் தொடங்கியது. இப்போது ஆவணி, வளவில் பனம்பழம் விழுகிறது. கதை இன்னும் முடியவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது, ஆனாலும் விட மனமில்லை.

2

தொடக்கங்கள். எறிந்தவற்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன், கூட்டித் தள்ள நேரமில்லை.

'உதயகலா காரின் பொனற்றைத் திறந்தபோது வானத்தில் கருமேகங்கள் திரண்டு—' (ஒயில் மாற்றுவதற்கு மேகம் எதற்கு?)

'மனித உறவுகளும் ஒயிலைப் போலத்தான். சில தடிப்பு, சில—' (இதை எழுதிய கையில் அடிமட்டத்தால் போட வேண்டும்.)

'அப்பாவுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நாளில் கார் வழியில் நின்றுவிடக்கூடாது.' (இது பரவாயில்லை. உண்மையில் கதை முழுவதும் இவ்வளவுதான். இதை வைத்துக்கொள்கிறேன்.)

3

கதையில் அவளுக்கு உதயகலா என்று பெயர் வைத்திருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உடுப்பிட்டியில் அப்பா சிவசுப்பிரமணியத்துடன் இருக்கிறாள். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்காகவே கூட்டுறவுச் சங்கக்கடை வேலையை விட்டாள். சமைப்பதும் அவள், கழுவுவதும் அவள், காரோட்டுவதும் அவள்தான்.

கார், பழைய யப்பான் கார். அதன் எஞ்சின் ஓடிய தூரத்துக்கு உலகத்தையே சில தரம் சுற்றியிருக்கலாம். உடுப்பிட்டிக்கும் நகருக்கும் நடுவே வல்லை வெளி கிடக்கிறது. ஒதுங்க ஒரு மரமில்லை, தட்டிக் கூப்பிட ஒரு வீடில்லை, காற்றும் வெயிலும்தான். இரத்தம் சுத்திகரித்துவிட்டுத் திரும்பும்போது அப்பாவால் தலையைக்கூட நிமிர்த்த முடியாது. அந்த வெளியில் கார் நின்றால் என்ன செய்வது என்ற நினைப்பு, ஒவ்வொரு முறையும் வல்லைப் பாலத்தடிக்கு வரும்போது அவளுக்கு வந்துவிடும்.

அண்ணன் ஜெயரூபன் கனடாவில். அவன் கப்பலில் அனுப்பிய பெட்டி மார்கழியில் வந்து சேர்ந்தது. பால்மா, சொக்கிலேற், தலையிடித் தைலம், அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை. (உடுப்பிட்டியில் கம்பளிச் சட்டை! ஆனால் எங்கள் ஊரில் பெட்டியில் வந்த பொருளை வேண்டாம் என்று சொல்கிற வழக்கமில்லை. போட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அப்பாவும் வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு இருந்தார்.) பெட்டியின் அடியில் அந்த ஒயில் கான். அதில் எழுதியிருந்தது 0W-20.*

* காரில்லாத வாசகருக்கு: முதல் எண், குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு. சைபர் என்றால் உறைபனியிலும் ஓடும். இரண்டாவது எண், எஞ்சின் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. இருபது என்றால் மெல்லியது, ஐம்பது என்றால் தடித்தது. உதயகலாவின் கார் இத்தனை காலமும் குடித்தது 20W-50. சரியான ஒயில் எது என்பதில் இந்தக் கதைக்குச் சந்தேகமே இல்லை. ஒயில் மட்டும்தான் சிக்கல் என்றால் இந்த அடிக்குறிப்போடு எழுந்து போயிருப்பேன்.

4

கராஜ்காரனுக்கு றொஷான் என்று பெயர் வைத்தேன். முதல் பிரதியில் அவனைப் பெரிய ஞானியாக்கி ஒரு பக்கம் பேசவிட்டிருந்தேன். அவ்வளவையும் அடித்துவிட்டேன். நிசமான கராஜ்காரர் யாருக்கு அவ்வளவு நேரமிருக்கிறது?

"அக்கா, இது நல்ல சாமான். புதுக் காருக்கு," என்றான் கானைத் திருப்பிப் பார்த்து.

"இதுக்கு?"

"இது தேஞ்ச எஞ்சின். சூடேறினால் இந்த ஒயில் தண்ணி மாதிரி ஆகிப்போடும். உள்ளுக்கை பிரஷர் நிக்காது. ஒயில் லைற் பத்தும்."

"உடனை பழுதாப் போயிடுமோ?"

"உடனையும் போகலாம், ஒரு வருசம் ஓடினாலும் ஓடும். நான் எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் விடச் சொன்னால் விடுறன். பிறகு என்னை ஏசக்கூடாது."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீடியோக் கோல். ஜெயரூபன் தலை வரை மூடிய தடித்த உடுப்புடன் காருக்குள் இருந்தான், அங்கே இன்னும் விடியவில்லை.

"பிள்ளை, ஒயில் மாத்தியாச்சோ?"

"கராஜிலைதான் நிக்கிறன் அண்ணை."

"பழசை முழுக்க வடிக்கச் சொல்லு. ஒரு சொட்டும் கலக்கக்கூடாது. பங்குனியிலை அம்மான்ரை திவசத்துக்கு வருவன்தானே, அப்ப நானே ஒயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பாக்கிறன்."

"ஓம் அண்ணை."

இந்த 'ஓம் அண்ணை'யை அவள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்! எழுதுகிற எனக்கே எரிச்சல் வந்தது. ஒரு இடத்திலாவது 'இல்லை அண்ணை' என்று சொல்ல வைக்கப் பார்த்தேன். அவளுக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தேடிப்போனதில்தான் அடுத்த பகுதி வந்தது.

5

(இந்தப் பகுதி முழுக்க என் கற்பனை. கராஜில் இருந்த பெண் இதில் ஒன்றும் சொல்லவில்லை.)

போன பங்குனியில் ஒரு விடியற்காலை அம்மா சிவக்கொழுந்துக்கு நெஞ்சு வலித்தது. உதயகலா ஓடிப்போய்க் காரில் திறப்பைச் செருகித் திருப்பினாள். டிக் என்றது. மறுபடி திருப்பினாள். டிக். அவ்வளவுதான். பற்றறி செத்துவிட்டது. அது செத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். வாற கிழமை மாற்றலாம், வாற கிழமை மாற்றலாம் என்று, அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களுக்கு நடுவில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். அடுத்த ஒழுங்கையில் ஓட்டோக்காரரைத் தட்டி எழுப்பிக் கொண்டுபோனபோது நேரம் போய்விட்டது. "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால்—" என்றார் டொக்டர், முடிக்கவில்லை. இந்தக் கதையில் வாக்கியத்தை முடிக்காமல் விடுவது நான் மட்டுமல்ல.

செய்தி சொல்லக் கோல் எடுத்தாள். ஜெயரூபன் விக்கி விக்கி அழுதான். அழுகைக்கு நடுவில் கேட்டான்.

"கார் ஏன் ஸ்ராட் வரேல்லை?"

"தெரியேல்லை அண்ணை. திருப்பினன், சுத்தேல்லை."

"என்ன ஒயில் விட்டிருக்கிறாய்?"

"இருபது ஐம்பது."

"அதுதான்! தடிச்ச ஒயில். அதுதான் இறுகிப்போட்டுது."

அவன் வாழ்கிற ஊரில் அது நியாயமான பேச்சு. அங்கே போன புதிதில் பனிக்காலமொன்றில் தடித்த ஒயிலோடு கார் விறைத்து நின்று, அவனுடைய முதல் வேலையே போயிருக்கிறது. அவனுக்குத் தெரிந்த பயம் அது. ஆனால் பங்குனி மாதத்து உடுப்பிட்டியில் ஒயில் இறுகுமா? முற்றத்தில் வைத்த தேங்காயெண்ணெய்கூட இறுகாது. அழுதுகொண்டிருக்கும் மனிதனுக்கு அது எப்படி நினைவு வரும்?

அப்போது உதயகலா சொன்னாள்:

"ஓம் அண்ணை. அதாத்தான் இருக்கும்."

பழி தன்மேல் விழாமல் ஒயில்மேல் விழுந்ததில் அவளுக்கு அந்த நிமிடம் மூச்சு வந்தது. அன்று தொடங்கி அண்ணன் ஒயில் கடைகளில் விசாரித்தபடி இருந்தான். அவனிடம் கடவுச்சீட்டு இல்லாத காலம் அது. கொள்ளி வைக்கவும் வரவில்லை, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்யவும் வரவில்லை. செய்ய முடிந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான்.

ஆகவே அவள் மடியில் இருந்தது ஐந்து லீற்றர் ஒயில் மட்டுமல்ல என்று எழுதத் தோன்றுகிறது. எழுதமாட்டேன். அது ஒயில்தான். ஆனால் அதை வேண்டாம் என்று சொல்வதற்கு அவள் பற்றறியைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஊற்றினால், அப்பாவை அந்த எஞ்சினை நம்பி வல்லை வெளிக்குக் கொண்டுபோக வேண்டும்.

6

முடிவுகள்.

அ) ஊற்றுகிறாள். இரண்டு கிழமை ஒன்றுமில்லை. பிறகொரு நாள், மதியம், வல்லை வெளியில் சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சினுக்குள் கரண்டியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். காரை ஓரங்கட்டுகிறாள். பின் சீற்றில் அப்பா, "என்ன பிள்ளை, வந்திட்டமோ?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்க—

(இதற்குமேல் எழுதவில்லை. அந்தக் கிழவரை அந்த வெயிலில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கதைக்கு நல்லதாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.)

ஆ) றொஷானைக் கொண்டு 20W-50 ஊற்றுகிறாள். கனடாக் கானைத் திறந்த பொனற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறாள். கம்பளிச் சட்டைக்குச் செய்ததுபோல. ஊரில் பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் செய்வார்கள். ஆனால் பங்குனியில் அவன் வந்து கம்பியை இழுத்து, ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பான். விரலுக்குப் படம் காட்ட முடியாது.

இ) சொல்கிறாள்.

"அண்ணை, உந்த ஒயில் எங்கடை காருக்குச் சரிவராது."

"ஏன்? ஆர் சொன்னது? உவன் கராஜ்காரனோ?"

"நான் சொல்லுறன். அண்டைக்கும் அது ஒயில் இல்லை. பற்றறி. நான்தான் மாத்தாமல் விட்டனான்."

அங்கே அவன் கார் ஹீற்றரை நிறுத்தினான்.

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றான் ஜெயரூபன். "அப்பா அண்டைக்கே சொன்னவர்."

"தெரிஞ்சுகொண்டோ உதை அனுப்பினீங்கள்?"

"வேறை என்னத்தைப் பிள்ளை நான் அனுப்புறது?"

இதை எழுதி முடித்துவிட்டு நான் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. அடுத்த நாள் வாசித்தபோது சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன்மார் இவ்வளவு அழகாகப் பதில் சொல்வார்களா? 'ஒரு பற்றறி மாத்த உனக்கு நேரமில்லையோ?' என்று கேட்டுவிட்டால்? கேட்டுவிட்டுப் பிறகு ஒரு வருடம் கதைக்காமல் விட்டால்? அதற்கும் சாத்தியம் இருக்கிறது. நானே எழுதிய ஒரு பதிலை நம்பி அவளை அந்தக் கோலை எடுக்கவைக்க எனக்கு என்ன உரிமை?

7

கடைசியில், வேறு வழியில்லாமல், கராஜில் விலாசம் கேட்டு அந்தப் பெண்ணையே தேடிப்போனேன். ஆஸ்பத்திரி இல்லாத நாள். குசினி வாசலில் நின்றபடி முழுவதையும் வாசித்தாள். உலை கொதித்து வழிந்தது. இறக்கிவிட்டு வந்து மிச்சத்தையும் வாசித்தாள்.

"அது பற்றறி இல்லை ரீச்சர்," என்றாள். "ஆனால் உப்பிடி ஒண்டு இருக்குத்தான்."

நான் என்னவென்று கேட்கவில்லை.

"முடிவை எழுதாதேங்கோ. அண்ணை உந்தக் கதையளைத் தேடித்தேடி வாசிக்கிறவர்."

"பேரெல்லாம் மாத்தித்தானே எழுதியிருக்கிறன்."

"பேரை மாத்தினால் தங்கச்சியைத் தெரியாதோ?"

நான் என்ன முடிவு எழுதினாலும் அது அவளுடைய வாயால் அவள் சொன்னதாகிவிடும். எட்டு மாதமாக நான் மண்டையை உடைத்தது இதற்குத்தானா என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. பிறகு அவளுடைய கண்களைப் பார்த்தேன். உள்ளே போய், கறுத்து, அரைவாசி மூடியே இருந்தன.

"அப்ப, கதையிலை உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். ஒயில் பற்றியோ அண்ணனைப் பற்றியோ ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அவளை ஒருக்கா நித்திரை கொள்ள விடுங்கோ," என்றாள். "மத்தியானம், சாப்பிட்டிட்டு. ஒருத்தரும் எழுப்பக்கூடாது."

ஆகவே, வாசகரே, இதோ: உதயகலா மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமலே வைத்தாள். அப்பா கட்டிலில் சீராக மூச்சு விடுகிறார். அவள் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்து, போனின் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தாள். கார் முற்றத்து நிழலில் நிற்கிறது. அதற்குள் எந்த ஒயில் இருக்கிறது, அவள் சொல்லிவிட்டாளா, சொல்லப்போகிறாளா, எல்லாவற்றையும் நீங்களே தீர்மானியுங்கள். நீங்கள்தான் அந்த அண்ணன் என்றால் உங்களுக்கே அந்த உரிமை அதிகம்.

ஆனால் இப்போது கூப்பிட வேண்டாம். அவள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.