வியாழக்கிழமைச் சந்தை

மாலக்கி டார்ப்பி பொய் சொல்கிறான் என்பது மாட்டுச் சந்தையால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வியாழக்கிழமை தவறாமல் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். சந்தை கூடுவதோ புதன்கிழமை. மாடு வளர்க்கிற வீட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய பெண்டாட்டி அட்ராக்டாவிடமா இந்தக் கதையை விடுவது?

அக்டோபரில் டாக்டர் கெராட்டி அவனுடைய ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ஈரல் கெட்டிருக்கு. தினம் எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார். மாலக்கி கோட்டில் இருந்த பின்னைத் தொட்டுக் காட்டினான். மதுவைத் தொடமாட்டேன் என்று பதினாறு வயதில் கோயிலில் சத்தியம் செய்து வாங்கிய திரு இருதயப் பின். டாக்டர், "சரி, சரி" என்றார். அந்தச் சரியிலேயே கூட வந்திருந்த அட்ராக்டாவுக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. அவள் அப்பாவும் இதே பின்னைக் குத்திக்கொண்டுதான் வைக்கோலுக்குள் விஸ்கியை ஒளித்துவைத்தார். மேயோ மாவட்டத்தில் ஒருவனுக்கு ஈரல் கெட்டால் ஊர் வேறு காரணம் தேடுவதில்லை.

அடுத்த சோதனையின் முடிவைக் கேட்க அவன் தனியாகப் போய்வந்து, "ஒண்ணுமில்ல" என்றான். அதை அவள் நம்பவில்லை.

அன்று தொடங்கியது வேவு. விறகுக் கொட்டகையைக் குடைந்தாள், டிராக்டர் இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். பாட்டில் சிக்கவில்லை. ஆனால் கொல்லைக் கதவருகே ரோஜாத் தொட்டியில் தினமும் காலையில் பழுப்புக் கறை. கருப்பு பீர் சிந்தினால் அப்படித்தான் இருக்கும். மழை விடாத ஜனவரியில் அவன் முகம் மட்டும் வெயிலில் காய்ந்தவன் மாதிரி கறுத்துக் கிடந்தது. வியாழக்கிழமை திரும்பி வரும்போது அந்த முகமும் வெளிறி, வாயில் பிஸ்கட் வாசனை. எதை மறைக்க பிஸ்கட்?

"ஒரே ஒரு பாட்டில் கெடைக்கட்டும் கான்செப்டா, பெட்டியோட உன் வீட்டு வாசல்ல நிப்பேன்" என்று அக்காவிடம் போனில் சொன்னாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. இவ்வளவு ஆத்திரத்திலும் ஒன்றை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ஒன்பது வருஷமாக, எப்போதும் சோர்ந்து கிடக்கும் புருஷனுக்குத் தினம் காலையில் தன் கையாலேயே ஒரு கரண்டி இரும்புச் சத்து டானிக்.

அடுத்த வியாழன் காலை அவன் கோட்டிலிருந்து பின்னைப் பிடுங்கிக்கொண்டாள். "இதக் குத்திக்க ஒனக்கு என்ன யோக்யதை இருக்கு?"

அவன் முகம் வாடிவிட்டது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவள் தன் காரில் பின்னாலேயே போனாள். அவன் கார் மதுக்கடையைத் தாண்டி, சந்தைத் திடலைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது. அவள் தேடிப் பிடித்தபோது இரண்டாம் மாடியில் சாய்வு நாற்காலியில் கிடந்தான். கையில் ஊசி. அவன் ரத்தம் குழாய் வழியே ஒரு பையில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தேநீர், இரண்டு பிஸ்கட்.

"வீட்டுக்காரம்மாவா? நல்லவேளை வந்தீங்க" என்றாள் நர்ஸ். "இவர் ஒடம்புல இரும்பு ஏகத்துக்கும் சேர்ந்துபோச்சு. மத்தவங்களுக்குப் போதும்னா குடல் கதவைச் சாத்திக்கும். இவருக்குச் சாத்தவே சாத்தாது, பரம்பரைக் கோளாறு. நம்ம பக்கம் நெறைய வீட்டுல இருக்கு. உள்ள போன இரும்பை வெளிய தள்ள ஒடம்புக்கு வழியும் கெடையாது. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் கொஞ்சம் போயிடும். ஆம்பளைக்கு எல்லாம் ஈரல்லயும் தோல்லயும் போய் உக்காந்துக்கும், மூஞ்சிகூடக் கறுத்துடும். அதான் ரத்தத்தோட எடுக்குறோம்."

"குடியினால இல்லையா?"

"குடியா? இவரா?" நர்ஸ் சிரித்தாள். "வீட்டுல இரும்பு மாத்திரை, டானிக் ஏதாவது தர்றீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றான் மாலக்கி அவசரமாக.

அட்ராக்டாவுக்கு ரோஜாத் தொட்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

"குடுத்தேன்" என்றாள். "ஒன்பது வருஷமா. என் கையாலேயே."

"மூணு மாசமா வாயில வாங்கிட்டுப் போய்த் துப்பிடுறேன், ரோஜாதான் குடிக்குது, நர்ஸம்மா" என்றான் அவன். பிறகு இவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தெரிஞ்சா நீ ஒடஞ்சுபோயிடுவ. அதான் சொல்லல."

அவளுக்கு அவமானம் தாங்கவில்லை. தன் கைப்பைக்குள் கைவிட்டுப் பின்னை எடுத்தாள். அவன் ஊசி இருந்த கையை அசைக்காமல், தோளில் போட்டிருந்த கோட்டின் காலரை மட்டும் அவள் பக்கம் சாய்த்துக்கொடுத்தான். மூன்று தடவை குத்திப் பார்த்தாள், காலரில் பின் நிற்கவில்லை.