பூட்டிய கொட்டகையில் அஞ்சாங்கல்

உறையூரில் நாச்சியார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சுருட்டுக் கம்பெனி இருந்தது. நாற்பத்து மூன்றாம் வருஷம், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்துக்கென்று பெட்டி பெட்டியாகச் சுருட்டு போயிற்று. ஆண்கள் முன்கட்டில் உட்கார்ந்து சுருட்டுவார்கள். பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் முப்பது பெண்கள் புகையிலையின் நடுநரம்பை உரித்து, இலையைத் தரம் பிரித்து அடுக்குவார்கள். யாரோ மடியில் இலை கட்டிக்கொண்டு போனதாக ஒரு பேச்சு கிளம்பியதிலிருந்து, காலை எட்டு மணிக்கு அந்தக் கொட்டகையை வெளிப்பக்கம் பூட்டிவிடுவார்கள். திறப்பது சாயங்காலம் ஐந்தரைக்கு. நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி உண்டு. அதுவும் உள்ளேயேதான். ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் ஒரு முழம் வானம் தெரியும்.

பொன்னுத்தாய் அங்கே சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. அவள் புருஷன் நல்லதம்பி பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். ஜப்பான்காரன் அங்கே இறங்கியதற்கு முந்தின மாதம் ஒரு கடிதம் வந்தது. ‘உடம்பு சௌகரியம், சித்திரையில் வருகிறேன்’ என்று எழுதியிருந்தான். அதன் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு சித்திரை போய்விட்டது. புருஷனின் அண்ணன் வீட்டில்தான் அவள் இருந்தாள். அங்கே நல்ல காரியம் ஏதாவது வந்தால் அவளை முன்னால் நிற்கச் சொல்லவும் மாட்டார்கள், பின்னால் போகச் சொல்லவும் மாட்டார்கள். பூ வாங்கினால், கொடுப்பதா வேண்டாமா என்று ஓரகத்தி ஒரு கணம் யோசிப்பாள். அந்த ஒரு கணம் பொன்னுத்தாயைக் கொன்றுபோடும்.

கொட்டகையில் அவள் யாரோடும் பேசுவதில்லை. யாருமே அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தந்தத் தெருப் பெண்கள் அந்தந்த மூலையில் உட்காருவார்கள். தண்ணீர்ப் பானை மூன்று இருந்தது. யார் எதில் குடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும். தகரம் காய்ந்து உள்ளே நெருப்பாக இருந்தது. புகையிலை நெடி தொண்டையில் அடைத்தது. உரித்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயின் கை சட்டென்று நின்றுவிட்டது. மூச்சை இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள். எழுந்து ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

“தொறங்க, தொறங்க” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

சாவி மேஸ்திரி பரக்கத் அலியிடம் இருந்தது. அவர் கிடங்குக்குப் போயிருந்தார். கதவு ஆடியதே தவிரத் திறக்கவில்லை. பொன்னுத்தாய் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. செத்துப்போகப் போகிறோம் என்றே நினைத்தாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மயிலம்மாள். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து நடந்து வருகிறவள். நாற்பது வயது, கனத்த உடம்பு, கனத்த குரல். ஆறுதலாக ஒரு வார்த்தையும் அவள் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஐந்து கூழாங்கற்களைத் தரையில் உருட்டினாள்.

“இந்தா புள்ள. ஒண்ணத் தூக்கிப் போட்டு, அது கீழ வர்றதுக்குள்ள இன்னொண்ண எடு.”

“முடியலக்கா.”

“முடியாட்டிப் போவட்டும். போடு.”

பொன்னுத்தாய் போட்டாள். கல் கை தப்பி விழுந்தது. மறுபடி போட்டாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பிடித்தாள். பிறகு இரண்டு இரண்டாக எடுக்கச் சொன்னாள் மயிலம்மாள். மேலே போகிற கல்லைப் பார்க்க வேண்டும், கீழே கிடக்கிற கல்லைத் தடவ வேண்டும், வேறு எதையும் நினைக்க இடமில்லை. பரக்கத் அலி வந்து கதவைத் திறந்தபோது அவள் மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மற்ற பெண்கள் சுற்றி நின்று பார்ப்பதைக் கவனித்தாள்.

“எனக்கும் இப்படி வரும்” என்றாள் மயிலம்மாள் மெதுவாக. “ரெண்டாவது பிள்ளை போனதுலேர்ந்து. அதான் கல்லு வச்சிருக்கேன்.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மயிலம்மாள் பொன்னுத்தாயைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பாலக்கரை நஜீமா தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாலாம் நாள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவள் தெருவில் அவளை ஜெயிக்க ஆளில்லையாம். அது பொய்யில்லை என்று ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புறங்கையில் ஐந்து கல்லையும் ஏந்தி, விசிறி, ஒன்றுகூடச் சிந்தாமல் பிடித்தாள். முப்பது பெண்கள் சேர்ந்து சிரித்த சத்தம் கேட்டுப் பரக்கத் அலி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் பூட்டிக்கொண்டு போனார்.

பிறகு கட்சி கட்டி ஆடினார்கள். கல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று. யார் கை தொட்ட கல் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பானைகள் மட்டும் பழையபடி மூன்றாகவே இருந்தன.

ஆடும்போது பேச்சு வரும். கல்லைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அப்படித்தான் ஒரு நாள் பொன்னுத்தாய் சொல்லிவிட்டாள். “நான் யாருன்னே தெரியலக்கா. தாலி இருக்கு. ஆளு இருக்காரான்னு தெரியல. அழுதா அபசகுனம்ங்கறாங்க. சிரிச்சா ஒரு மாதிரி பாக்கறாங்க.”

நஜீமா கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். “என் தம்பி ரசூல் பினாங்குலதான் இருக்கான். அவனுக்கும் காயிதம் இல்ல. உம்மா தினம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிக்கும். நான் யார்ட்டயும் சொல்லல.” பிறகு கல்லை நீட்டி, “உன் ஆட்டம்தான். ஆடு” என்றாள்.

பொன்னுத்தாய்க்கு அன்றைக்குக் கிடைத்தது விடுதலை ஒன்றுமில்லை. கதவு பூட்டித்தான் இருந்தது. வீட்டில் ஓரகத்தி யோசிக்கிற அந்த ஒரு கணமும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்ததும் நெஞ்சில் உட்காரும் பாரம், கொட்டகை வாசலை மிதிக்கும்போது கொஞ்சம் இறங்கியது. அந்த வேடிக்கை அவளுக்கே புரியவில்லை.

ஐப்பசியில் விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. பரக்கத் அலிதான் நல்லெண்ணத்தில் சொல்லியிருந்தார். ‘இப்பல்லாம் யாரும் மயக்கம் போட்டு விழறதில்லைங்க, வேலையும் சுத்தமா நடக்குது’ என்று. முதலாளி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்கே வந்துவிட்டார். கையில் தங்கப்பூண் போட்ட பிரம்பு.

“நல்ல பழக்கம். இனிமே சனிக்கிழமை தோறும் என் முன்னாடி போட்டி நடக்கட்டும். ஜெயிச்சவங்களுக்குப் புடவை. பட்டாளத்து அதிகாரி ஒருத்தர் வர்றார், அவரும் பார்ப்பார்.”

பொன்னுத்தாய் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“புடவை வேணாங்க. சாப்பாட்டு நேரம் மட்டுமாவது பூட்டத் தொறந்து வச்சீங்கன்னா போதுங்க. மரத்தடியில ஆடிக்கறோம்.”

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பூட்டு வேற விஷயம். அதைப் பத்திப் பேசாதே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். நாற்காலி போட்டார்கள். மயிலம்மாள் கல்லைத் தூக்கிப் போட்டாள். கல் பக்கத்தில் விழுந்தது. நஜீமா போட்டாள். அதுவும் விழுந்தது. முப்பது பேரும் வரிசையாகத் தவறவிட்டார்கள்.

“வயசாயிருச்சுங்க, மறந்துபோச்சு” என்றாள் மயிலம்மாள்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு போட்டிப் பேச்சு வரவில்லை. திங்கட்கிழமை ஆட்டம் வழக்கம்போல நடந்தது.

தை பிறந்ததும் வீட்டில் வேறொன்று ஆரம்பித்தது. பினாங்கிலிருந்து வந்த கப்பல் ஒன்று மூழ்கிவிட்டதாக யாரோ சொன்னதை வைத்து, நல்லதம்பிக்குக் கருமாதி செய்துவிடுவதென்று அண்ணன் முடிவு செய்தார். மகளுக்குக் கல்யாணம் பேச வேண்டும், வீட்டில் இப்படி ஒரு இழுபறி இருக்கக்கூடாது என்பது அவர் கவலை. வருகிற வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார்.

பொன்னுத்தாய் கொட்டகையில் சொன்னாள். ஆடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு.

“உனக்கு என்ன தோணுது?” என்று நஜீமா கேட்டாள். இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் நஜீமாதான்.

“தெரியற வரைக்கும் தாலியக் கழட்ட மாட்டேன். தெரிஞ்சா நானே கழட்டுவேன்.”

“அதை அங்க சொல்லு. நாங்க வர்றோம்.”

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவு திறந்ததும் எட்டுப் பெண்கள் பொன்னுத்தாயோடு நடந்தார்கள். வீட்டு வாசலில் அண்ணன் திகைத்து நின்றார். பொன்னுத்தாய் தலையைக் குனிந்துகொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

“மச்சான், எனக்குச் சேதி நிச்சயமாத் தெரியணும். அதுக்கு முன்னாடி எதுவும் செய்யாதீங்க. என்னால இந்த வீட்டுக் கல்யாணம் நிக்கும்னா, நான் வேற எங்கயாவது இருந்துக்கறேன்.”

“எங்க இருப்பே?”

“எங்க வீட்டுல ஒரு அறை இருக்குங்க” என்றாள் மயிலம்மாள். “ஸ்ரீரங்கத்துல. நானும் என் வீட்டுக்காரரும்தான்.”

அண்ணன் எட்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர், களைத்துப்போன மனுஷர். “சரி, யுத்தம் முடியட்டும்” என்று உள்ளே போய்விட்டார். பொன்னுத்தாய் அந்த வீட்டிலேயே இருந்தாள். ஓரகத்தி அன்றைக்கு அவளுக்கு யோசிக்காமல் சோறு போட்டாள். பூ விஷயத்தில் மட்டும் கடைசிவரை யோசித்தாள்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, ஆடி மாதத்தில், ரசூல் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். அவனையும் நல்லதம்பியையும் ஒன்றாகத்தான் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நாற்பத்து மூன்றாம் வருஷ மழையில், காய்ச்சல் கண்டு, நல்லதம்பி அங்கேயே போய்விட்டான். புதைத்தவர்களில் தானும் ஒருவன் என்றான் ரசூல்.

நஜீமா அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு பாலக்கரையிலிருந்து உறையூர்வரை நடந்து வந்தாள். தம்பி திரும்பி வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமலிருக்க அவள் பட்ட பாட்டைப் பொன்னுத்தாய் வாசலிலேயே பார்த்துவிட்டாள். “சந்தோஷப்படுங்கக்கா, பரவாயில்ல” என்றாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷமாக அழக்கூடாதென்று வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

கருமாதிக்கு அவளே நாள் குறித்தாள். காவிரிக்கரையில் தாலியை அவளே கழற்றினாள். கம்பெனியில் யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். அன்று கொட்டகையைப் பூட்டும்போது உள்ளே முப்பது பேரில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள் என்று பரக்கத் அலி பிறகு சொன்னார்.