மேசை எடுத்த பங்கு

ரண்டர்ஸ் என்ற வெளிநாட்டு நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த நான்கு நண்பர்களும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு சூதாட்ட விடுதிக்குப் போவார்கள். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து போக்கர் ஆடுவார்கள். பிறத்தியார் யாரையும் சேர்ப்பதில்லை.

“ஆர் தோத்தாலும் காசு எங்கட ஆக்களிட்டத்தானே நிக்கும்,” என்று நால்வரில் ஒருவரான மரியரட்ணம் பெருமையடிப்பார்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டுப் போடுகிற பெண் விடுதியின் பங்கைக் கொஞ்சம் எடுத்து மேசைத் துவாரத்துக்குள் தள்ளுவாள். அந்தச் சில்லறையை அவர் தூசாகவும் மதிக்கவில்லை.

ஆடத் தொடங்கி மூன்றாம் வருடம், ஊரில், மன்னாரில் அவருடைய தாய் இறந்தாள். விமான டிக்கெட்டுக்குக் காசில்லை. மற்ற மூவரிடமும் கேட்டார்.

“நீதான் எல்லாத்தையும் வெண்டு வைச்சிருக்கிறாய் எண்டெல்லே நினைச்சனான்!” என்றான் ஒருவன். மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள்.

தாயின் பெட்டி குழிக்குள் இறங்குவதை நால்வரும் ஒரு கைபேசியில் பார்த்தார்கள்.